ரேடியேட்டர் ஃபேன் நிற்கவே மாட்டேன் என்கிறது, ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி: சென்சாரா, ஒயரா?

பள்ளத்தூர்க்காரன்:
வணக்கம். 2014 மாடல் பெட்ரோல் கார். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது, நிற்பதே இல்லை. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. காலையில் சைலன்சரில் பெட்ரோல் நெடி. மைலேஜ் 17-லிருந்து 12-க்கு வந்துவிட்டது. முதலில் கோட்டையூர் பக்கம் மேடுபள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் வந்து போகும். இப்போது பத்து நாளாக விடாமல் இருக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்து, கூலன்ட்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டை அளக்கும் சென்சாரில் பி0118 என்ற கோளாறு எண், 'கூலன்ட் டெம்பரேச்சர் சர்க்யூட், ஹை இன்புட்' என்றார்கள். இன்ஜின் கொதிக்கிறது என்று பயந்துபோய் சென்சாரை மாற்றச் சொன்னேன். இரண்டு நாள் சரியாக இருந்தது, மறுபடி அதே கதை. இப்போது ஈசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) போயிருக்கலாம் என்கிறார்கள். அடுத்த வாரம் அப்பத்தாவைக் கண் ஆஸ்பத்திரிக்குத் திருச்சி கூட்டிப் போக வேண்டும். என்னிடம் ஒரு மல்டிமீட்டரும், போனில் பார்க்கிற ப்ளூடூத் ஸ்கேனரும் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்கலாம்?

தேவகோட்டை வாசகர்:
தெர்மோஸ்டாட் வால்வை (ரேடியேட்டருக்குக் கூலன்ட் போவதைத் திறந்து மூடுவது) கழற்றிவிட்டு, ஃபேனுக்குத் தனி ஸ்விட்ச் வைத்துவிடுங்கள். எங்கள் பழைய வண்டியில் அப்படித்தான் ஓட்டினோம்.

காரைக்குடி மெக்கானிக்:
தேவகோட்டை அண்ணே, கோபிக்காதீர்கள், அதைச் செய்ய வேண்டாம். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும், பெட்ரோல் இன்னும் குடிக்கும். கோளாறும் அங்கே இல்லை.

தம்பி, அந்தக் கோளாறு எண்ணில் 'ஹை' என்பது வோல்டேஜ். சூடு அல்ல. ஈசிஎம் உள்ளேயிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சார் சூடாக ஆக அதன் ஓம்ஸ் (மின்தடை) குறையும், வோல்டேஜும் இறங்கும். வழி எங்காவது அறுந்தால் 5 வோல்ட் இறங்காமல் அப்படியே நிற்கும். ஈசிஎம் அதைக் கடுங்குளிர் என்று படித்து மைனஸ் 40 காட்டும், பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். கோளாறு என்று தெரிந்ததும் இன்ஜினைக் காப்பாற்ற ஃபேனையும் ஓடவிடும். குலுங்கும்போது வந்து போனது என்கிறீர்களே, அதைக் கேட்டதுமே எனக்கு ஒயர் மேல்தான் சந்தேகம்.

முதலில் பழைய சென்சாரைத் தேடி எடுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துச் சாதாரண சூட்டில் ஒரு தடவை, டம்ளர் வெந்நீரில் முனையை முக்கி ஒரு தடவை பாருங்கள். அப்புறம், இன்ஜின் ஆறியிருக்கும்போது சென்சார் கனெக்டரைக் கழற்றி, சாவியை மட்டும் ஆன் செய்து, ஒயர் பக்கத்து இரண்டு பின்னுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பின்னையும் பேட்டரி மைனஸோடு வைத்துப் பாருங்கள். டெஸ்ட் பல்ப் மட்டும் வேண்டாம். அது இழுக்கிற கரன்ட்டை சென்சார் லைன் தாங்காது, நன்றாக இருக்கிற ஈசிஎம்மையும் கெடுத்துவிடும்.

பள்ளத்தூர்க்காரன்:
அண்ணே, பழைய சென்சார் டிக்கியிலேயே கிடந்தது. சும்மா வைத்தால் 1.6 கிலோ ஓம். அப்பத்தா வைத்த வெந்நீரில் முக்கியதும் மளமளவென்று இறங்கி 310 ஓமில் நின்றது. கனெக்டரில் இரண்டு பின்னுக்கும் நடுவே ஒன்றுமில்லை, 0.1 வோல்ட். ஆனால் ஒரு பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் 4.98 வருகிறது. இன்னொரு பின்னில் எதுவுமே இல்லை.

காரைக்குடி மெக்கானிக்:
அப்படியானால் பழைய சென்சார் நல்ல சென்சார். 5 வோல்ட் வருகிறது, திரும்பிப் போகிற எர்த் ஒயர்தான் அறுந்திருக்கிறது. ஈசிஎம்மையும் ஒரு தடவை சோதித்துவிடலாம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வாங்கி, 5 வோல்ட் வருகிற பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே வையுங்கள். ஸ்கேனரில் 40 டிகிரியை ஒட்டி வந்தால் ஈசிஎம் மேல் எந்தக் குறையும் இல்லை. மற்ற சென்சார்களுக்கும் சேர்த்துத்தான் எர்த் போகும். அவற்றில் கோளாறு எண் வரவில்லை என்பதால் பிரிகிற இடத்துக்கும் இந்தக் கனெக்டருக்கும் நடுவில்தான் அறுந்திருக்கும். ஒயரை ஒரு சாண் ஒரு சாணாக மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே செம்பு அறுந்த இடம் ரப்பர் மாதிரி நீளும். வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள்?

பள்ளத்தூர்க்காரன்:
வீட்டுப் பின்கட்டை ஒட்டிய கொட்டகையில். நாங்கள் ஊருக்கு வரும்போதுதான் வண்டி எடுப்பது, மற்ற நாளெல்லாம் அங்கேயே நிற்கும். கேள்வி ஏன் என்று இப்போது புரிகிறது அண்ணே. ரெசிஸ்டர் வைத்ததும் 42 டிகிரி காட்டியது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கினால் அடியில் தேங்காய் நாரும் புளியங்கொட்டையும் குவிந்திருக்கின்றன. நெளிவுக் குழாயில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே கறுப்பு ஒயரின் மேல்தோலில் பல் பட்ட இரண்டே புள்ளிகள்தான், பார்த்தால் முழுசாகத்தான் இருக்கிறது. இழுத்தால் நீள்கிறது. தோலைச் சீவினேன், செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது.

காரைக்குடி மெக்கானிக்:
எலிதான். கடித்த ஓட்டை வழியாக ஈரம் போய்ச் செம்பைத் தின்றுவிட்டது. சென்சார் மாற்றியபோது கை பட்டு ஒயர் ஒட்டிக்கொண்டதால் இரண்டு நாள் ஓடியிருக்கிறது. பளபளவென்று செம்பு தெரிகிற வரை இரண்டு பக்கமும் வெட்டி, அதே கனத்தில் ஒயர் சேர்த்து சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற உறை) போடுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் இன்ஜின் சூட்டில் பிசின் இளகி ஆறே மாதத்தில் திரும்ப வந்து நிற்பீர்கள். கோளாறு எண்ணை அழித்துவிட்டு, நாளைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் சூட்டையும் உள்ளே இழுக்கும் காற்றின் சூட்டையும் ஸ்கேனரில் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

பள்ளத்தூர்க்காரன்:
காலை 6 மணிக்குப் பார்த்தேன் அண்ணே. கூலன்ட் 28, காற்று 29. காரைக்குடி வரை போய் வந்தேன். ஃபேன் 96-ல் ஓடி 91-ல் நின்றது. கொட்டகையிலிருந்த புளி மூட்டையை உள்கட்டுக்கு மாற்றிவிட்டோம். இனிமேல் வண்டியை வெளிச்சம் படுகிற முன்வாசலில்தான் நிறுத்தப் போகிறேன். திருச்சிப் பயணம் வியாழக்கிழமை.

காரைக்குடி மெக்கானிக்:
நிம்மதியாகப் போய் வாருங்கள் தம்பி. பழைய சென்சாரைத் தூக்கிப் போடாமல் ஒரு துணியில் சுற்றி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.