பச்சைப் பேரரத்தை எங்கே கிடைக்கும்?

எங்கள் பகுதியில் புதிதாகத் திறந்திருக்கும் தாய்லாந்து உணவகத்துக்கு நேற்று இரவு குடும்பத்தோடு போய் ஏமாந்து திரும்பினோம். டாம் யம் சூப்பில் எலுமிச்சைப்புல் வாசனையே இல்லை. தக்காளி சாஸைக் கரைத்த வெந்நீர். பச்சைக் குழம்பு (கிரீன் கறி) என்று வந்தது சோளமாவு போட்டுக் கெட்டியாக்கிய சொதி. (திருநெல்வேலிக்காரர்கள் மன்னிக்கவும், உங்கள் சொதி எவ்வளவோ மேல்!) பப்பாளிக்காய் சாலட்டில் பாதிக்குமேல் முட்டைகோஸ். மாம்பழத்தோடு வந்த ஒட்டரிசி மட்டும் பரவாயில்லை.

அடுத்த ஞாயிறு அப்பாவின் பிறந்தநாளுக்கு இந்தத் தாய்லாந்து உணவுகளை நானே சமைக்கப்போகிறேன். அதற்குப் பேரரத்தை (இஞ்சி போன்ற வாசனைக் கிழங்கு) வேண்டும்; நாட்டு மருந்துக் கடையில் காய்ந்ததுதான் இருக்கிறது. பச்சையாகச் சென்னையில் எங்கே வாங்கலாம்? தாய்லாந்துச் சமையலில் வாசனைக்குப் போடும் மக்ரூத் எலுமிச்சை இலைக்குப் பதிலாக நாரத்தை இலை போட்டவர்கள் யாராவது உண்டா? கசக்குமா? சனிக்கிழமைக்குள் சொன்னால் நல்லது.