சீனமா, பிரெஞ்சா? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

கல்லடிக்காரி
பாசிக்குடாவில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் வேலை செய்கிறேன். சென்ற ஓகஸ்டில், பிரான்ஸிலிருந்து வந்திருந்த ஒரு முதியவர் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். அவருடைய மனைவி காலையில் என்னோடு ஆங்கிலத்தில் கதைத்தவர்தான். பதற்றத்தில் அந்த ஆங்கிலம் அவரை விட்டுப் போய்விட்டது. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் பிரெஞ்சில் சொன்னார், அறைச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். மாத்திரை அறையில் இருக்கிறது, ஓடிப் போய் எடுத்து வா என்பதுதான் அது. விளங்கிக்கொள்ள எங்களுக்கு நேரம் எடுத்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த நிமிடம் எனக்குள் இன்னும் ஓயவில்லை.

பிரெஞ்சு படிக்கத்தான் எனக்கு மனம். உயர்தரம் முடித்த தங்கையோ சீனத்துக்குத்தான் எதிர்காலம் என்று நிற்கிறாள். இரண்டில் எதையாவது தொட்டுப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

பொத்துவிலான்
தங்கை சொல்வதுதான் சரி. வீதி வேலை ஒன்றில் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டேன்; மேற்பார்வை செய்தவர்கள் சீனர்கள். லொறி வந்து நிற்கிறது, எத்தனை பை சீமெந்து இறக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் ஒருவர் கத்துகிறார், அது நான்கா பத்தா என்று பிரித்தறிய முடியவில்லை. சீனத்தில் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மாறினால் சொல்லே மாறிவிடும். நான்கு ‘ஸ’ ஒலியில் தொடங்கி விழும் தொனி, பத்து ‘ஷ’ ஒலியில் தொடங்கி ஏறும் தொனி. அவர் தென் சீனத்துக்காரர். அந்தப் பக்கத்தவர் பலர் ‘ஷ’வையும் ‘ஸ’வாகவே சொல்வார்கள், அப்போது தொனி ஒன்றுதான் மிஞ்சும். என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு சுட்டுவிரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டினார். பத்து! சீமெந்துத் தூசு படிந்த அந்த விரல்கள்தான் என்னைச் சீனம் படிக்க வைத்தன.

தொனியைத் தாண்டிவிட்டால் நமக்கு அது அந்நியமே இல்லை. வினைச்சொல் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப உருமாறுவதில்லை. ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதை அவர்களும் இதே வரிசையில்தான் சொல்கிறார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும், அக்காவுக்கும் தங்கைக்கும் நம்மைப் போலவே தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று உயிரில்லாத பொருளுக்கெல்லாம் பால் மனப்பாடம் செய்ய வேண்டும்.

அக்கரைப்பற்று ஆசிரியை
பொத்துவில் தம்பி சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். தொனியைத் தாண்டிவிட்டால் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்களே, அதற்குப் பின்னால் எழுத்து என்று ஒரு மலை நிற்கிறதே! 2013இல் சீன அரசு வெளியிட்ட பட்டியலில் அடிப்படை எழுத்துகளே 3,500. பிரெஞ்சுக்கு ஆங்கிலத்தில் படித்த அதே 26 எழுத்துகள், சில குறிகள், அவ்வளவுதான்.

என் அனுபவம் சிறியது. அறுகம்பையில் உறவினரின் தங்குமிடத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண் தன் தொலைபேசி எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 97 வந்தது: ‘நான்கு இருபது, பத்து, ஏழு’ என்பது அதன் அமைப்பு. குறித்துக்கொண்டிருந்த பையன் ‘4, 20, 17’ என்று எழுதிவிட்டான். அவர் பேனையை வாங்கித் தானே எழுதிக் கொடுத்தார். ஆகவே பிரெஞ்சு இலகு என்று நான் சொல்ல வரவில்லை.

கல்லடித் தங்கச்சி, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் பிரெஞ்சுக்கு ஏறத்தாழ 30 வாரம், சீனத்துக்கு 88 வாரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அது ஆங்கிலம் தாய்மொழியானவர்களை வைத்துப் போட்டது, நமக்கு அப்படியே பொருந்தாது. பிரெஞ்சில் வினை ஆளுக்கு ஆள் மாறுவது தமிழருக்குப் புதிதா? நாமும் போகிறேன், போகிறாய், போகிறார் என்றுதான் வளர்ந்தோம். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே இருக்கிறது. நமக்குச் சிக்கல் காதில்தான்: எழுதிய கடைசி எழுத்துகள் பல ஒலிப்பதில்லை, ஒரே ஒலிக்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டல். அதனால் முதல் மாதம் புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள். பிறகு பெயர்ச்சொல்லை அதன் பாலைக் காட்டும் முன்சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள், தனியாக ஒருபோதும் எழுத வேண்டாம். தங்கை சீனம்தான் படிப்பாள் என்றால், ரோமன் எழுத்தில் எழுதும் பின்யினோடு நின்றுவிட விடாதீர்கள். சீன மொழித் திறனை அளக்கும் எச்.எஸ்.கே. தேர்வின் பழைய ஆறு நிலை முறையில் முதலாம் நிலைக்கு 150 சொல், இரண்டாம் நிலைக்கு 300. அந்த இரண்டிலும் வினாத்தாளில் பின்யின் அச்சாகியிருக்கும். மூன்றாம் நிலையில் அந்தத் துணை போய்விடும், பிள்ளைகள் அங்கேதான் விழுகிறார்கள். கொழும்பில் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸும் களனிப் பல்கலைக்கழகத்தில் சீனம் கற்பிக்கும் கன்பூசியஸ் நிறுவனமும் இருக்கின்றன. நம் பக்கத்திலிருந்து வாராவாரம் போய்வருவது நடக்காது, ஆகவே இணைய வகுப்பைப் பாருங்கள்.

நிந்தவூர் மாணவி
ஆசிரியை, எழுத்தை மலை என்கிறீர்கள். நான் சீனாவில் மருத்துவம் படிக்கிறேன். பாடம் ஆங்கிலத்தில், நோயாளியோ சீனத்தில். வார்டில் ஒரு மூதாட்டி தன் ஊர்ப் பேச்சில் ஏதோ சொன்னார். வகுப்பில் படித்த பொதுச்சீனத்துக்கும் அதற்கும் தொடர்பே தெரியவில்லை. என்னோடு நின்ற சீன மாணவனுக்கும் விளங்கவில்லை. மூதாட்டி தன் இடது உள்ளங்கையை விரித்து, வலது சுட்டுவிரலால் ஓர் எழுத்தை எழுதிக் காட்டினார். முதல் கோடுகளிலேயே நோயைக் குறிக்கும் எழுத்துறுப்பு, அதாவது எழுத்தின் ஒரு பகுதி, தெரிந்துவிட்டது. நோய், வலி, புற்றுநோய் எல்லாவற்றிலும் அது இருக்கும். எழுதி முடித்துவிட்டு அடிவயிற்றைத் தொட்டார். வலி. பேச்சு கைவிட்ட இடத்தில் அந்த எழுத்துத்தான் எங்கள் இருவரையும் காப்பாற்றியது.

களுதாவளை
எல்லோரும் இலகுவா கடினமா என்றே எழுதுகிறீர்கள். என் மனைவி பாரிஸில் இருக்கிறார், நான் இங்கே பிரெஞ்சு படித்துக்கொண்டிருக்கிறேன். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் தமிழிலேயே வாழ்ந்துவிடலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அங்கே கடைக்குப் போகத் தமிழ் போதும், அலுவலகத்தில் போதாது. 2026 ஜனவரி முதல் பத்தாண்டு வதிவிட அட்டைக்கு பிரெஞ்சில் பி1 நிலை, குடியுரிமைக்கு அதற்கு மேலான பி2 நிலை கேட்கிறார்கள். முன்பு ஏ2, பி1 ஆக இருந்தவை இவை.

எனக்கு ஆறாமல் இருப்பது வேறு. வீடியோ அழைப்பில் அங்கே பிறந்த மருமகளோடு பிரெஞ்சில் கதைத்தேன். ஐந்து வயதுப் பிள்ளை. ‘வீடு’ என்ற சொல்லுக்கு நான் வைத்த பாலைத் திருத்திவிட்டு, ‘மாமா, இன்னொரு தரம் சொல்லுங்கள்’ என்றாள், தமிழில். சொன்னேன். கை தட்டினாள். அந்தப் பிள்ளைக்காகவே பி2 வரை போகப் போகிறேன்.

பொத்துவிலான்
ஆசிரியை, 3,500 என்பதைக் கேட்டு யாரும் ஓட வேண்டாம். எழுத்துகள் உறுப்புகளால் ஆனவை, நிந்தவூர்த் தங்கச்சி சொன்ன நோய் உறுப்பைப் போல. அடிக்கடி வரும் உறுப்புகளைப் பிடித்தால் மீதி வேகமாக வரும். களுதாவளை அண்ணன் சொன்னதற்காகக் கல்லடி அக்காவுக்கு ஒன்று: பிரெஞ்சு மொழித் தேர்வான டெல்ஃபின் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, இப்போது எழுதினாலும் என்றைக்கும் செல்லும். எச்.எஸ்.கே. பெறுபேறு சீனப் பல்கலைக்கழக அனுமதிக்கு இரண்டு ஆண்டுதான் செல்லும். தங்கை சீனாவுக்கு விண்ணப்பிக்கும் ஆண்டைத் தீர்மானித்த பிறகே தேர்வுக்குப் பணம் கட்டட்டும்.