பழைய கடைசல் கிண்ணங்களை முடித்ததும், கண் கூசாமல் படம் எடுத்ததும்

பச்சை மரத்தை லேத்தில் சுழற்றி முரட்டுக் கடைசல் மட்டும் போட்டு, காயட்டும் என்று பரணில் ஏற்றிய பூவரசுக் கிண்ணங்கள் என்னிடம் நிறைய உண்டு. இந்தக் கோடையில் ஒவ்வொன்றாக இறக்கி முடித்துக்கொண்டிருக்கிறேன். வட்டமாக ஏறியது நீள்வட்டமாக இறங்கும், பயப்பட வேண்டாம். மரம் காயும்போது ஆண்டு வளையம் ஓடும் திசையில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. காய்ந்தபின் மறுபடி வட்டமாகக் கடைய இடம் வேண்டுமே, அதற்காகத்தான் 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலச் சுவர் விட்டு வைக்கிறோம். லேத்தின் சக் (கவ்வும் பிடி) பிடிக்கும் அடிப்பகுதியை முதலில் வட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் மற்றது சுலபம்.

உப்புத்தாள் 120, 180, 240, 320 என முரட்டிலிருந்து நைசுக்கு வரிசையாகத்தான் போடுகிறேன். தாள் மாற்றும் முன் லேத்தை நிறுத்தி, நார் ஓடும் பக்கமாகக் கையால் ஒருமுறை தேய்த்துவிடுவேன். அப்புறம் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. மழை நாளில் மட்டும் அதைத் தொடாதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, வெள்ளை பூத்துவிடும்.

இனி படம். பாலிஷ் ஏறிய கிண்ணம் ஒரு வளைந்த கண்ணாடி. டியூப்லைட், ஜன்னல் கம்பி, போட்டிருக்கும் சட்டை எல்லாம் அதில் தெரியும். பிரதிபலிப்பை முழுசாக ஒழிக்கப் பார்த்தால் பாலிஷே போடாத மரம் மாதிரி வந்து நிற்கும். அதில் எது தெரிய வேண்டும் என்பதை நாம் முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். ஃபிளாஷையும் அறை விளக்கையும் அணைத்துவிட்டு, ஜன்னலில் வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டினேன். கிண்ணத்தை வேட்டிக்கு மிகக் கிட்டே வைத்தால் வெளிச்சம் மெத்தென்று விழுகிறது. எதிர்ப்பக்கம் கருப்புத் துணி. போனைத் தள்ளி வைத்து ஜூம் செய்து எடுத்தால் நம் உருவமும் சிறுத்துவிடுகிறது.

இப்போது கிண்ணத்தின் தோளில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். அதன் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். சீராக ஓடினால் கடைசல் சுத்தம். நெளிந்தால் அந்த இடத்தில் உளி அலை விட்டிருக்கிறது. கடைசிப் பூச்சுக்கு முன் வேட்டி வெளிச்சத்தில் ஒருமுறை சுற்றிப் பார்ப்பதை இப்போது வழக்கமாக்கிவிட்டேன்.

*

அண்ணா, பளபளப்பான பரப்பின் பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் பற்றி என் அனுபவம். தாம்பாளம் போன்ற தட்டையான சாமானுக்கு அருமை. மேற்பரப்பிலிருந்து சுமார் 35 டிகிரி சாய்வில் கேமராவை வைத்து ஃபில்டரைத் திருப்பினால் கண்கூசும் பளிச்சென்ற பிரதிபலிப்பு அப்படியே விலகி, அடியில் இருக்கும் ரேகை தெளிவாகத் தெரியும். உருண்டையான சாமானில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு கோணம் என்பதால் ஒரு பகுதிதான் அடங்கும். அங்கே உங்கள் வேட்டிதான் சரி.

*

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன். நான் கர்நாடகத்துச் சென்னபட்டணாவின் அரக்கு பூசிய மரப் பொம்மைகள் சேர்க்கிறேன். அங்கே பட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, உராயும் சூட்டிலேயே அது உருகி ஏறுகிறது. பிறகு தாழை ஓலையால் தேய்க்கிறார்கள். அந்தப் பளபளப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். படம் எடுப்பதில் சிவப்பும் மஞ்சளும் தொல்லை தருவதில்லை, நிறமே தெரிந்துவிடும். கருப்புதான் சிரமம்; பிரதிபலிப்பைத் தவிர அதில் வேறொன்றும் தெரியாது. இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி நிறுத்தி, நடுவில் இருட்டாக ஓர் இடைவெளி விட்டு எடுத்துப் பாருங்கள். உருட்டு எங்கே வளைகிறது என்பது அப்போதுதான் படத்தில் வருகிறது.