டிசம்பர் முதல் சனிக்கிழமை: அட்லாண்டாவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு

மார்கழி பிறக்கறதுக்குள்ள பால் காய்ச்சணும், டிசம்பர் முதல் சனிக்கிழமை நாள் நல்லா இருக்கு, ஆபீஸ்ல வேலை பார்க்கற அமெரிக்கக்காரங்களையும் கூப்பிடலாமான்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். தாராளமா கூப்பிடுங்க தம்பி. ஆனா காலை முகூர்த்தமா வெச்சு, மதியச் சாப்பாடு போட்டு, மூணு மணிக்குள்ள அனுப்பி வெச்சிடுங்க. அன்னிக்குத்தான் எஸ்.இ.சி. சாம்பியன்ஷிப், அதாவது காலேஜ் அணிகளோட அமெரிக்கன் ஃபுட்பால் இறுதி ஆட்டம். இப்பல்லாம் சாயந்தரம் நாலு மணிக்கு ஆட்டம். அதுக்கு மேல உட்கார வெச்சா கை வடையில இருக்கும், கண்ணு போன்ல இருக்கும்.

எஸ்.இ.சி.ங்கறது பெரும்பாலும் தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களோட விளையாட்டுக் கூட்டமைப்பு. 2024-ல டெக்சஸும் ஓக்லஹோமாவும் வந்து சேர, 16 ஆச்சு. அதுல முதல் ரெண்டு இடத்துல இருக்கற அணிகள் மோதறதுதான் இந்த ஆட்டம். 1992-ல பர்மிங்ஹாம்ல ஆரம்பிச்சு, 1994-லேர்ந்து அட்லாண்டாவுலதான் நடக்குது. காலேஜ் பசங்க ஆட்டம்தானேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எழுபதாயிரம் பேர் காசு கொடுத்து வந்து உட்கார்ற ஆட்டம் அது.

விதியெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாம். நாலு பந்துல பத்து ரன் எடுத்தா இன்னும் நாலு பந்து கிடைக்கற மாதிரி, நாலு முயற்சிக்குள்ள பத்து கஜம் முன்னேறினா மறுபடி நாலு முயற்சி. எல்லைக்குள்ள பந்தோட போயிட்டா 6 புள்ளி, அப்புறம் உதைச்சு ஒண்ணு. தூரத்துலேர்ந்து கம்பங்களுக்கு நடுவுல உதைச்சா 3. கடிகாரக் கணக்கு 60 நிமிஷம்தான், ஆனா முடிய மூணரை மணி நேரம் ஆகும்.

இதைவிட முக்கியம், யார்கிட்ட என்ன பேசறதுங்கறது. ஜார்ஜியா பல்கலைக்கழக அணியோட நிறம் சிவப்பு, அலபாமா அணியோடதும் ஒரு மாதிரி சிவப்பு. கடையில கண்ணுல பட்ட சிவப்புச் சட்டையை வாங்கி மாட்டிக்கிட்டுப் போகாதீங்க, எழுத்தைப் படிச்சுட்டு வாங்குங்க. இந்த இறுதி ஆட்டத்துல 2012, 2018, 2021, 2023-ன்னு ஜார்ஜியா அலபாமாகிட்ட தோத்துக்கிட்டே இருந்தது. 2025-லதான் 28-7-ன்னு ஜெயிச்சாங்க. அந்த வலி புரியாம ஆபீஸ்ல கிண்டல் பண்ணினா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க. இன்னொண்ணு: ஜார்ஜியா டெக்ல எம்.எஸ். படிச்சவங்க நம்மள்ல நிறைய. அது இதே ஊர்ல இருந்தாலும் ஏ.சி.சி.ங்கற வேற கூட்டமைப்பு, ஏதென்ஸ்ல இருக்கற ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குப் பரம எதிரி. "நானும் ஜார்ஜியாதான்"னு அவங்க வாயால சொல்லவே கூடாது!

டிக்கெட் வாங்கறதுக்கு அவசரப்படாதீங்க, விலை யானை விலை. முதல் வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டா ஒரு தட்டு சமோசாவோட போய் உட்காருங்க, அதுவே போதும். போயே தீருவேன்னா, காரை நார்த் ஸ்பிரிங்ஸ் ஸ்டேஷன்ல விட்டுட்டு மார்ட்டா ரயில்ல ஃபைவ் பாயின்ட்ஸ் வரைக்கும் போய், அங்க மாறி வைன் சிட்டியில இறங்குங்க. ஸ்டேடியம் பக்கத்துலயே. கையகலப் பர்ஸைத் தவிர மத்த பை எல்லாம் உள்ளே தெரியற பிளாஸ்டிக் பையா இருக்கணும், ஹேண்ட்பேக்கோட போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க.

அன்னிக்கு ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்து இறங்கறாங்கன்னா, டவுன்டவுன் வழியா 75/85 ஹைவேயில போகாம, சுத்தா இருந்தாலும் 285-ஐப் பிடிச்சு ஏர்போர்ட் போயிடுங்க.