லேப்டாப்பில் சரியாக ஓடும் சி நிரல் ஏஆர்எம் போர்டில் நிற்காமல் சுற்றுகிறது

கேள்வி:
கோப்பை பைட் பைட்டாகப் படித்து எண்ணும் சிறிய நிரல். கெட்சார் (ஒரு பைட்டைப் படித்துத் தரும் சார்பு) தருவதை ஒரு சார் (ஒரு பைட் அளவுள்ள வகை) மாறியில் வாங்கி, ஈஓஎஃப் (கோப்பு முடிந்தது என்ற அடையாளம்) வரும்வரை வைல் லூப் ஓட வேண்டும். எக்ஸ்86 லேப்டாப்பில் ஒழுங்காக முடிகிறது. அதே மூலத்தை 64 பிட் ஏஆர்எம் லினக்ஸில் கம்பைல் செய்தால் கோப்பு முடிந்தும் லூப் நிற்பதில்லை. ஒரு கோர் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. இரண்டிலும் ஜிசிசி கம்பைலர்தான், -டபிள்யூஆல் (வழக்கமான எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் தெரிவு) கொடுத்தும் எச்சரிக்கை இல்லை. கம்பைலர் பிழையா?

பதில் 1:
கம்பைலர் மேல் தப்பில்லைங்க. வெறும் சார் என்றால் அது சைன்டா (எதிர்ம எண்ணையும் ஏற்பது) அன்சைன்டா (எதிர்ம எண் இல்லாதது) என்பதை சி தரநிலை சொல்வதில்லை, தளத்துக்கு விட்டுவிட்டது. லினக்ஸில் எக்ஸ்86 என்றால் சைன்டு, ஏஆர்எம் என்றால் அன்சைன்டு. ஈஓஎஃப் மதிப்பு -1. அன்சைன்டு சாரில் போட்டதும் அது 255 ஆகிவிடும். ஒப்பிடும்போது இன்ட்டாக (சாரைவிடப் பெரிய முழு எண் வகை) விரிந்தாலும் 255தான். -1க்குச் சமமாக வாய்ப்பே இல்லை.

மாறியை இன்ட் என்று அறிவியுங்கள், தீர்ந்தது. கெட்ஆப்ட் (கட்டளை வரித் தெரிவுகளைப் படிக்கும் சார்பு) திருப்பித் தருவதை வாங்கும் மாறிக்கும் இதேதான்.

லேப்டாப்பில் சரி என்று நினைக்காதீர்கள், அங்கேயும் தப்புதான். ஒரு படக்கோப்பைக் கொடுத்துப் பாருங்கள்: 255 என்ற பைட் வந்ததும் அது -1 ஆகி, பாதியிலேயே நின்றுவிடும். யூடிஎஃப்-8 உரையில் 255 வரவே வராது, அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை.

பதில் 2:
எச்சரிக்கை வராததற்குக் காரணம், அதைத் தரும் -டபிள்யூடைப்-லிமிட்ஸ் தெரிவு -டபிள்யூஆல் பட்டியலில் இல்லை, -டபிள்யூஎக்ஸ்ட்ராவில்தான் இருக்கிறது. லேப்டாப்பிலேயே -டபிள்யூஎக்ஸ்ட்ராவோடு -எஃப்அன்சைன்டு-சாரும் (சாரை அன்சைன்டாக்கும் தெரிவு) சேர்த்துக் கம்பைல் செய்தால் எச்சரிக்கையும் வரும், லூப்பும் சுற்றும், போர்டே வேண்டாம். ஆனால் போர்டில் -எஃப்சைன்டு-சார் போட்டுச் சமாளிக்காதீர்கள். படக்கோப்பில் பாதியில் நிற்கும் கோளாறுதான் அங்கேயும் வந்து சேரும். லினக்ஸ் கெர்னல் 6.2 முதல் எல்லாத் தளத்திலும் சாரை அன்சைன்டாகவே கம்பைல் செய்கிறார்கள்.

பதில் 3:
எழுத்து வாரியாக எண்ணுகிறீர்களா? அப்படியானால் தமிழ் உரையில் இன்னொரு குழி இருக்கிறது. 'அ' யூடிஎஃப்-8இல் 224, 174, 133 என மூன்று பைட். சைன்டு சாரில் அவை -32, -82, -123. 256 இட அணிக்கு இதைச் சுட்டெண்ணாகக் கொடுத்தால் அணிக்கு முன்னால் உள்ள நினைவகத்தைத் தொடுவீர்கள். இந்த முறை உதைப்பது எக்ஸ்86இல், ஏஆர்எம்மில் அல்ல! முதலில் அன்சைன்டு சாராக மாற்றுங்கள். நேராக அன்சைன்டு இன்ட் ஆக்கினால் -32 என்பது 4294967264 ஆகிவிடும். இஸ்ஆல்பா (எழுத்தா என்று சோதிக்கும் சார்பு) வகையறாவுக்குக் கொடுக்கும்போதும் இதே மாற்றம் வேண்டும்.

கேட்டவர்:
இன்ட் ஆக்கியதும் நின்றுவிட்டது, நன்றி. எண்ணிக்கையை லாங் என்ற முழு எண் வகையில் வைத்து, அது உள்ள ஸ்ட்ரக்ட்டை (பல புலங்களின் தொகுப்பு) அப்படியே எஃப்ரைட்டால் கோப்பில் எழுதுகிறேன். 32 பிட் போர்டில் படிக்க வருமா?

பதில் 2:
வராது. 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், 32 பிட்டில் 4. விண்டோஸில் 64 பிட்டானாலும் 4தான். எங்கும் 8 பைட்டாகவே இருக்கும் இன்ட்64_டி போட்டாலும் பாதிதான் தீரும். இன்ட்32_டிக்கு (4 பைட்) அடுத்து ஒரு இன்ட்64_டி உள்ள ஸ்ட்ரக்ட், 32 பிட் எக்ஸ்86 லினக்ஸில் 12 பைட், 32 பிட் ஏஆர்எம்மில் 16 பைட், இடையில் கம்பைலர் சேர்க்கும் 4 பைட் வெற்று நிரப்பு. ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியாக, பைட் வரிசையை நீங்களே முடிவு செய்து எழுதுங்கள்.