எம்1 கேரண்ட்: கலவையாக வந்த ரைஃபிளை ‘கரெக்ட்’ ஆக்கலாமா, கஸ்டம் பண்ணலாமா?

பேரல்பிரியன் கேட்டது:

வணக்கம். எல்லாரும் அவங்கவங்க கேரண்ட் (அமெரிக்க ராணுவத்தோட பழைய எம்1 ரைஃபிள்) படத்தைப் போடுறீங்க, நானும் போடுறேன். கூடவே ஒரு கேள்வி.

ரைஃபிள் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி (எஸ்.ஏ.) தயாரிப்பு. ரிசீவர் (மத்த பாகங்களைப் பூட்டுற உடல்) 1944 தொடக்கம். போல்ட் டி28287-ல ஆரம்பிக்கிற எண். பேரல்ல ‘எஸ்.ஏ. 5 53’, அதாவது மே 1953. ஆப் ராட் (போல்டை ஓட்டுற கம்பி) எண் 7790722. பின் சைட் டி105 வகை. ஸ்டாக்ல இடதுபக்கம் சின்னக் கழுகு முத்திரை, வேற எழுத்து எதுவும் தெரியல. கேஸ் சிலிண்டர்ல (சுடும்போது வாயு வந்து ஆப் ராடைத் தள்ளுற குழாய்) பாதி இடம் கறுப்பு, பாதி பளபளன்னு வெள்ளி மாதிரி. பேரலோட ரெண்டு முனைத் தேய்மானத்துக்கு த்ரோட் கேஜ் 3, மசில் கேஜ் 2 காட்டுது (எண் கூடினா தேய்மானம் கூட).

1944 பாகங்களாத் தேடி வாங்கி மாட்டினா மதிப்பு கூடுமா? இல்ல, இது ஏற்கெனவே கலவைதானேன்னு 30-06 தோட்டாவிலிருந்து 308 தோட்டாவுக்கு மாத்தி, புது வால்நட் ஸ்டாக் போட்டு கஸ்டமா ஆக்கிடலாமா? கேஸ் சிலிண்டருக்கு மறுபடி பார்க்கரைசிங் (பாஸ்பேட் பூச்சு) பண்ணணுமா?

---

வால்நட்வாசி:

சிலிண்டர்லேயே ஆரம்பிக்கிறேன், அதுதான் சுலபமான பதில். கேரண்ட் கேஸ் சிலிண்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பார்க்கரைசிங் அதுல பிடிக்காது. ஃபேக்டரியில அதுக்குக் கறுப்புப் பூச்சுதான் கொடுத்தாங்க. கையும் சூடும் பட்டு அது உரிஞ்சா வெள்ளி தெரியும். தேய்மானம் இல்ல, பழுதும் இல்ல. அப்படியே விடுங்க.

இப்ப மீதி. உங்க துப்பாக்கி 1944-ல பிறந்து, 1953-லயோ அதுக்குப் பிறகோ ஆர்சனல் ரீபில்ட் (ராணுவப் பட்டறையில பிரிச்சுத் திரும்பக் கோத்தது) ஆனது. பேரல் தேதியே சாட்சி. ஆப் ராடைப் பின்னால இழுத்துப் பிடிச்சா பேரல் வலதுபக்கம் மாதமும் வருஷமும் தெரியும். முதல்ல பூட்டின பேரலா இருந்தா அந்தத் தேதி ரிசீவருக்கு ஒண்ணு ரெண்டு மாசம் முன்னாடி இருக்கும். உங்களுக்கு ஒன்பது வருஷ இடைவெளி.

போல்ட் எண் போர்க்காலத்து வரைபட எண். ரிசீவரோடவே வந்ததாக இருக்கலாம், வேற துப்பாக்கியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அதைப் பிரிச்சுச் சொல்ல வழியில்ல, ஏன்னா கேரண்ட் பாகங்கள்ல ரைஃபிளோட தொடர் எண் போடுற வழக்கமே கிடையாது. ஆப் ராட் 7790722 போருக்குப் பிந்தையது; போர்க்காலத்துல டி35382. டி105 சைட்டும் பிந்தையது. 1944-ல ஃபேக்டரியை விட்டு வந்த துப்பாக்கியில லாக்பார் சைட் இருந்திருக்கும். கழுகு முத்திரையும் ஐம்பதுகளோட பாதுகாப்புத் துறை முத்திரைதான். 1944 ஸ்டாக்னா சதுரக் கட்டத்துக்குள்ளேயே மேல ‘எஸ்.ஏ.’, அதுக்குக் கீழ ‘ஜி.ஏ.டபிள்யூ.’ (அப்ப இருந்த அதிகாரியோட இனிஷியல்) இருக்கணும். 1944 கடைசியிலிருந்து ‘என்.எஃப்.ஆர்.’

ஒரு வேண்டுகோள், படம் போடுற எல்லாருக்கும்: போல்டைப் பின்னால பூட்டி, சேம்பர் (தோட்டா உட்காருற அறை) காலின்னு தெரியுற மாதிரி எடுங்க. தொடர் எண்ணோட கடைசி மூணு இலக்கத்தை மறைங்க. ஸ்டாக்கோட இடதுபக்கம், பிஸ்டல் கிரிப் முன்புறம், பேரல் தேதி, ஆப் ராட் எண் இந்த நாலும் இல்லாத படத்தை வச்சு யாரும் உருப்படியா ஒண்ணும் சொல்ல முடியாது. சோபா மேல சாய்ச்சு வச்ச அழகான படம் பத்து வந்தும் பிரயோஜனம் இல்ல.

---

ஆனிஸ்டன்_ஆசாமி:

முதல் கேள்விக்கு என் கருத்து: வேண்டாம்.

‘ஒரிஜினல்’ என்பதும் ‘கரெக்ட்’ என்பதும் வேறு வேறு. ஒரிஜினல் என்றால் ஃபேக்டரியை விட்டு எப்படி வந்ததோ அப்படியே இருப்பது. 54 லட்சம் அளவுக்குக் கேரண்ட்கள் தயாரிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் கொரியப் போருக்குப் பின்னும் அவை கூட்டம் கூட்டமாக ஆர்சனல்களுக்குப் போய்ப் பிரிக்கப்பட்டு, கலந்து, திரும்பக் கோக்கப்பட்டன. அதில் தப்பியவை மிகச் சில. கரெக்ட் என்பது யாரோ பிறகு உட்கார்ந்து அந்தந்த மாதத்துப் பாகங்களைத் தேடிக் கூட்டியது. நேர்மையாகச் சொல்லி வைத்திருந்தால் அதில் தவறில்லை. விலை கூடும்; ஆனால் பாகங்களுக்குக் கொடுத்த பணம் திரும்ப வராது. 1944 பேரல் நல்ல நிலையில் கிடைப்பதே கடினம், கிடைத்தாலும் உங்களுடைய 1953 பேரலைவிடத் தேய்ந்திருக்கும். த்ரோட் 3, மசில் 2 உள்ள பேரலைக் கழற்றி 7 காட்டும் பேரலை மாட்டுவதை நான் ஒப்பமாட்டேன்.

வெட்டில்லாத பழைய ஆப் ராட் வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு விஷயம். குழாய்ப் பகுதியும் கைப்பிடிப் பகுதியும் சேரும் மூலை அவற்றில் கூர்மையான செங்கோணமாக இருக்கும். விசை அங்கேதான் குவியும், விரிசலும் அங்கேதான் விடும். அதனால்தான் போருக்குப் பின் அந்த மூலையை அரைவட்டமாக வெட்டிவிட்டார்கள். ரீபில்டுக்கு வந்த பழையவற்றிலும் அதே வெட்டு. வெட்டில்லாதது அரிதாகக் கிடைப்பதால்தான் சேகரிப்பாளர்கள் அதற்கு அதிக விலை தருகிறார்கள். சுடுவதற்கு வெட்டுள்ளதே நல்லது.

ஸ்டாக் வாங்குவதில்தான் ஏமாற்று அதிகம். ‘ஜி.ஏ.டபிள்யூ.’ முத்திரைக் கட்டைகளைச் செய்து விற்கிறார்கள். உண்மையான முத்திரையில் எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும், அடியில் பல வருட எண்ணெயும் அழுக்கும் படிந்திருக்கும். போலியில் விளிம்பு கூர்மை, அடி சுத்தம். மரத்தையும் பாருங்கள்: இழைக்காத ஸ்டாக்கில் மரம் பட் பிளேட்டின் விளிம்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். சமமாகவோ தாழ்ந்தோ இருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுவிட்டார்கள். இழைத்த மரத்தின் மேல் பளிச்சென்று முத்திரை இருந்தால், இழைத்தவரேதான் குத்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஸ்டாக்குக்கும் அதே எச்சரிக்கை. அழுக்கை மினரல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள், காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் மிக மெல்லிதாகத் தேய்த்து, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மறுநாள் இன்னொரு பூச்சு. தடிமனாகப் பூசினால் பிசுபிசுத்து நிற்கும், தூசி ஒட்டும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும்; விரித்துக் காயவைத்து எறியுங்கள்.

---

டெக்சாஸ்_டிங்கர்:

கஸ்டம் கட்சிக்கு நான் வர்றேன். கலவைத் துப்பாக்கிதானே கஸ்டம் பண்ணத் தோது? அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா இந்தத் துப்பாக்கியை வேண்டாம்னுதான் சொல்வேன். பேரல் இவ்வளவு நல்லா இருக்கும்போது எதுக்குக் கழட்டணும்? பேரல் போன ரிசீவர் வாங்கி அதுல விளையாடுங்க. பழைய ராணுவ ரைஃபிள்களை விக்கிற அமெரிக்க அமைப்பு சி.எம்.பி.-யோட ஸ்பெஷல் கிரேடும் அந்த வழிதான்: பழைய ரிசீவர், புது கிரைட்டீரியன் பேரல், புது அமெரிக்க வால்நட். 30-06, 308 ரெண்டுலயும் வந்திருக்கு.

308-க்குப் போறதுன்னா புதுப் பேரலா போடுங்க. அமெரிக்கக் கடற்படை அறுபதுகள்ல குறுக்குவழி ஒண்ணு பார்த்தது: 30-06 சேம்பர்குள்ள ஒரு புஷ் சொருகி 7.62 நேட்டோவுக்கு மாத்தினாங்க. சுடச்சுட அந்த புஷ் கழண்டு, வெத்துக் கேஸோட (சுட்ட தோட்டாவோட காலிக் கூடு) சேர்ந்தே வெளிய வந்துச்சு. பிறகு 7.62-க்குன்னே செஞ்ச பேரலைப் போட்டாங்க. அந்தக் காலத்து புஷ் வச்ச பேரல் எங்காவது கண்ல பட்டா அலமாரியில வைங்க, சுடாதீங்க. இன்னொண்ணு, 308 ஆக்கின துப்பாக்கியில மேகசின் முன்பக்கம் ஒரு ஸ்பேசர் பிளாக் கட்டாயம். அது இருந்தா 30-06 நிரப்பின கிளிப் உள்ளேயே இறங்காது. இல்லாட்டி ஒருநாள் யாராவது மாத்திப் போடுவாங்க.

பேரல் மாத்தின பிறகு ஹெட்ஸ்பேஸ் (மூடின போல்டுக்கும் சேம்பருக்கும் நடுவுல தோட்டாவுக்கு இருக்கிற இடம்) பார்க்கும்போது போல்ட்டுல இருக்கிற எஜெக்டரையும் எக்ஸ்ட்ராக்டரையும் கழட்டிடுங்க. எஜெக்டர் ஸ்பிரிங் கேஜைத் தள்ளிக்கிட்டே இருக்கும், அளவு பொய் சொல்லும். போல்டை விரலாலதான் மூடணும், ஆப் ராட் ஸ்பிரிங் வேகத்துல அடிச்சு மூடினா கேஜும் கெடும், சேம்பரும் கெடும்.

‘டேங்கர்’ கேரண்ட் ஆசை யாருக்காவது இருந்தா: அந்தப் பேர்ல டேங்க் படைக்குத் துப்பாக்கி போனதே இல்ல. 1945-ல டி26-ன்னு குட்டையான ஒரு மாதிரிக்கு 15,000 ஆர்டர் போட்டாங்க, போர் முடிஞ்சதும் ரத்து. சந்தையில இருக்கிறதெல்லாம் பிற்காலத்து வணிகச் சரக்கு, அதுல சிலது டார்ச்ல ரெண்டாப் பிளந்து எறிஞ்ச ரிசீவரைத் திரும்ப ஒட்ட வச்சுச் செஞ்சது. ரீவெல்ட் கண்டுபிடிக்க ரிசீவரை ஸ்டாக்லேர்ந்து கழட்டி, நடுப்பகுதியில உள்பக்கமும் வெளிப்பக்கமும் பாருங்க: அரத்தால ராவின தடம், பார்க்கரைசிங் நிறம் அந்த இடத்துல மட்டும் மாறுறது, முன்பாதி பின்பாதி எண்கள் ஒண்ணோட ஒண்ணு பொருந்தாம இருக்கிறது. சந்தேகம்னா வாங்காதீங்க. விலை குறைவா இருக்கிறதே ஒரு அறிகுறி.

---

பேரல்பிரியன்:

நன்றி, அப்படியே வச்சுக்கிறேன். ஒண்ணே ஒண்ணு: ஆப் ராட் ஸ்டாக்கோட உள்பக்கம் உரசின தடம் தெரியுது. சுடறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்? கடையில கிடைக்கிற 30-06 எதுவும் போடலாமா?

---

வால்நட்வாசி:

உரசல் இருந்தா டில்ட் டெஸ்ட் பண்ணுங்க. ஆப் ராட் ஸ்பிரிங்கையும் ஃபாலோயர் ராடையும் கழட்டிட்டு, போல்டும் ஆப் ராடும் மட்டும் இருக்கிற நிலையில, ஸ்டாக் இல்லாம பேரலை மேலயும் கீழயும் சாய்ங்க. ராட் தன் எடைக்கே முழுத்தூரமும் வழுக்கி ஓடணும். எங்கயாவது நின்னா ராட் வளைஞ்சிருக்கு, இல்ல கேஸ் சிலிண்டர் கோணலா உட்கார்ந்திருக்கு. அடுத்து அதையே ஸ்டாக்கோட, பின்புற ஹேண்ட்கார்டையும் போட்டுப் பாருங்க. ஸ்டாக் இல்லாம ஓடி, ஸ்டாக்கோட நின்னா மரம்தான் இடிக்குது. உரசின இடத்தை மட்டும் கொஞ்சமாச் சீவினாப் போதும். கேரண்ட் ராட் வடிவத்துலயே ஒரு வளைவு உண்டு, அதைப் பார்த்து நேராக்கிடாதீங்க.

ராடோட முன்முனை பிஸ்டனை மைக்ரோமீட்டர்ல அளங்க. புதுசுல 0.526 அங்குலம். 0.525-க்குக் கீழ போயிட்டா வாயு கசிஞ்சு போல்ட் முழுசாப் பின்னால வராது: வெத்துக் கேஸ் சிக்கும், இல்ல அடுத்த தோட்டாவை எடுக்காது. ஸ்பிரிங் 19 அங்குலத்துக்குக் குறைஞ்சிருந்தா மாத்துங்க, அது பெரிய செலவில்ல.

தோட்டா விஷயத்துல கவனம். இந்தத் துப்பாக்கி எம்2 பால் தோட்டாவுக்கு: 150 கிரெயின் குண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 2,740 அடி. மான் வேட்டைக்கு விக்கிற 180 கிரெயின், ‘மேக்னம்’ வேகம்னு போட்டதெல்லாம் மெதுவா எரியுற பவுடர்ல வரும். குண்டு கேஸ் போர்ட்டைத் தாண்டும்போது அங்க அழுத்தம் அதிகமா இருக்கும், அந்த அடிதான் ராடை வளைக்குது. சேம்பர் அழுத்தம் ரெண்டுலயும் ஒண்ணாவே இருக்கலாம், அதனால பெட்டியில ‘30-06’னு இருக்கிறதை மட்டும் பார்த்து நம்பாதீங்க. பெட்டியில ‘எம்1 கேரண்ட்’னு போட்டிருக்கணும். இல்லாட்டி அட்ஜஸ்டபிள் கேஸ் பிளக் வாங்கி மாட்டுங்க. சொந்தமா ரீலோட் பண்றவங்க பெரும்பாலும் 4895 பவுடர்லயே நிக்கிறாங்க. அளவுக்கு கேரண்டுக்குன்னே தனி அட்டவணை இருக்கிற கையேட்டைப் பாருங்க.

---

ஆனிஸ்டன்_ஆசாமி:

ஒரு சேர்க்கை. பழைய ராணுவத் தோட்டா கிடைத்தால் ஹெட்ஸ்டாம்ப்பை (தோட்டாவின் அடியில் உள்ள முத்திரை) பாருங்கள். 1950-களின் தொடக்கம் வரை அமெரிக்க 30-06 பெரும்பாலும் இரும்பை அரிக்கும் பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) உள்ளதுதான். அதில் எஞ்சுவது ஒரு வகை உப்பு. அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அன்றே பேரலுக்குள் வெந்நீர் விட்டு, உலர்த்தி, பிறகு எண்ணெய். கேஸ் சிலிண்டர் பூட்டையும் திருகையும் கழற்றி அதே போல். கிரீஸ் நாட்டு எச்.எக்ஸ்.பி. சரக்கு யாரிடமாவது மிச்சம் இருந்தால் அதற்கு இந்தக் கவலை இல்லை.

எண்ணெய் எங்கே, கிரீஸ் எங்கே என்பதிலும் பலர் குழம்புகிறார்கள். போல்ட் லக்குகள், போல்டின் ரோலர், ஆப் ராட் ஓடும் பள்ளம், ஹேமர் போல்டைத் தொடும் இடம்: இவற்றுக்குக் கிரீஸ், அரிசி அளவு. கேஸ் சிலிண்டருக்குள்ளும் பிஸ்டனிலும் எதுவும் வேண்டாம், காய்ந்தே இருக்கட்டும். அங்கே விட்ட எண்ணெய் கரியாகிக் கெட்டிப்படும், சுரண்டி எடுக்கப் பெரும்பாடு.

நிரப்பும்போது வலது உள்ளங்கையின் வெளி விளிம்பால் ஆப் ராட் கைப்பிடியைப் பின்னால் பிடித்தபடியே கட்டைவிரலால் கிளிப்பை அழுத்துங்கள். கிளிப் பூட்டியதும் முதலில் கட்டைவிரலை எடுத்துவிட்டுப் பிறகுதான் கைப்பிடியை விட வேண்டும். சுத்தம் செய்யும்போது கிளிப் இல்லாமல் ஃபாலோயரை விரலால் அழுத்துபவர்கள்தான் அதிகம் நசுங்குகிறார்கள், ஏனென்றால் அப்போது போல்டைத் தடுக்க ஒன்றுமே இல்லை.