ஒரு தேர்தலைத் தவறவிட்டால் வாக்குச்சீட்டு வராதா?

உவர்மலை ரீச்சர்:
திருகோணமலையில் படிப்பிக்கிறேன். தேர்தல் கடமை வந்தால் எனக்குத் தபால் மூல வாக்குத்தான். சீட்டு வீட்டுக்கு வராது. வேலை செய்யும் இடத்தில், அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன்னால் புள்ளடி போட்டு உறையை ஒட்டிக் கொடுப்போம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் அக்காவின் மகன், அங்கே முந்தைய தேர்தலில் வாக்களிக்கத் தவறியவர்களுக்குத் தபாலில் சீட்டு அனுப்புவது பற்றி வழக்கே நடந்தது என்கிறான். இராணுவத்தினரும் அதில் அடக்கமாம். உண்மையா?

நிலாவெளிக்காரன்:
உண்மைதான் ரீச்சர், 2011இல். முந்தைய ஆண்டுப் பொதுத்தேர்தலில் வாக்களிக்காமல் வாக்காளர் பட்டியலில் ‘செயலற்றவர்’ என்று குறிக்கப்பட்டவர்களுக்கும் சீட்டு அனுப்ப, மாநிலத் தலைநகர் டென்வர் தயாரானது. சட்டத்தில் அதற்கு இடமில்லை, மாநிலம் முழுக்க ஒரே நடைமுறை வேண்டும் என்று, தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளர் ஸ்கொட் கெஸ்லர் நீதிமன்றம் போனார். அதே மாநிலத்தின் பியூப்லோ கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), பட்டியலில் செயலற்றவரான இராணுவத்தினருக்காகக் குரல் கொடுத்தது. ஒக்டோபரில் நீதிபதி, டென்வர் சீட்டு அனுப்புவதற்குத் தடை உத்தரவு தர மறுத்தார். 2013இல் சட்டமே மாறியது. வாக்களிக்கவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் செயலற்றவராக்க முடியாது.

மூதூர் தம்பி:
ஆள் வீடு மாறியிருந்தால்? சீட்டு வேறு கைக்குப் போய்விடுமே.

நிலாவெளிக்காரன்:
திரும்பி வரும் உறையில் உள்ள கையெழுத்தைப் பதிவோடு ஒப்பிடுவார்கள், தம்பி.

உவர்மலை ரீச்சர்:
அப்படியென்றால் அனுப்பியதுதான் சரி. இராணுவ முகாமில் கிடப்பவன் ஒரு தேர்தலைத் தவறவிடுவது அக்கறையின்மையா? கட்டாரில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தச் சண்டைகூட இல்லை. வாக்களிக்க விமானம் ஏறி ஊருக்கு வரவேண்டும். அதைப் பற்றியும் இங்கே பேசுவோம்.